மேற்கத்திய அரசியல் தத்துவம் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலக மாடியில் ஞாயிறு மாலைகளில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் கூடுகிறது. பண்டைய கிரேக்கரான பிளேட்டோவில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கரான ஜான் ரால்ஸ் வரை மூல நூல்களைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் புதிதாக வந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

அரசியல் தத்துவம்னா என்ன? அரசியல் அறிவியலும் இதுவும் ஒண்ணுதானே?

ஒரு தேர்தலில் யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்று ஆராய்வது அரசியல் அறிவியல். ஜெயித்தவர் போடும் சட்டத்துக்கு, தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவன் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்பது அரசியல் தத்துவம். வரி கட்டாவிட்டால் ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. என்னை ஜெயிலில் போடும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் முழுப் பதில் கிடைக்காது.

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 2,400 ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் பேசியவரோடு வாதாடுகிறார். அதனால் எந்த நூலைத் திறந்தாலும் 'இவர் யாரோடு வாதாடுகிறார்?' என்பதை முதலில் கேளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் திரும்பத் திரும்ப வரப்போவது அந்தக் கேள்விக்குத்தான்.

தத்துவமே படிச்சதில்லை. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பிளேட்டோவின் 'அப்பாலஜி', அதன்பின் 'கிரீட்டோ'. இரண்டும் சிறியவை, ஒரு மாலையில் முடித்துவிடலாம். 'அப்பாலஜி' என்ற பெயரைப் பார்த்து, பிளேட்டோவின் ஆசிரியரான சாக்ரடீஸ் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. 399-இல், எழுபது வயதில், ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் அவர் தன் தரப்பைச் சொல்லும் உரை அது. இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தின் தெய்வங்களை நம்பவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் சுமார் 500 பேர், எல்லாரும் சாதாரணக் குடிமக்கள். முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் தப்பியிருப்பேன் என்று அவரே சொல்கிறார்.

இனிமேல் தத்துவம் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுதலை செய்தால் கீழ்ப்படிய மாட்டேன் என்கிறார் 'அப்பாலஜி'யில். 'கிரீட்டோ'வில், விடிவதற்கு முன்னால் சிறைக்கு வந்த நண்பர் தப்பிக்க வழி செய்துவிட்டதாகச் சொல்லும்போது, சட்டத்தை மீற மாட்டேன் என்று மறுக்கிறார். ஒரே மனிதர் முதலில் கீழ்ப்படிய மாட்டேன் என்றார், அப்புறம் கீழ்ப்படிந்தே தீருவேன் என்றார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? இதை நீங்களே யோசித்து அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் நீங்களும் இந்த வாதத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

நேரா மூல நூலைப் படிக்கணுமா, இல்ல முதல்ல ஒரு அறிமுகப் புத்தகமா?

மூல நூல். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சுருக்கம் சொல்லும் புத்தகம் முடிவை மட்டும் கையில் கொடுக்கும். 'தத்துவஞானிகள் ஆள வேண்டும் என்றார் பிளேட்டோ' என்று ஒரு வரியில் முடித்துவிடும். 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் திராசிமாக்கஸ் என்பவர் பொறுமை இழந்து, காட்டு விலங்கு பாய்வதுபோலக் குறுக்கே புகுந்து, நீதி என்பது வலியவனின் லாபமே தவிர வேறில்லை என்று கத்துகிறார். சாக்ரடீஸ் அவரை மடக்கிவிடுகிறார். ஆனால் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் என்ற இளைஞர், எனக்கு இன்னும் திருப்தி இல்லை என்று எழுந்திருக்கிறார். விரலில் போட்டுத் திருகினால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் மோதிரம் உங்களுக்குக் கிடைத்தால், அப்போதும் நியாயமாக நடப்பீர்களா என்று கேட்கிறார். மீதி எட்டுப் பகுதிகளும் அந்த ஒரு கேள்விக்கான பதில். அதைத் தவறவிட்டவருக்குத் தத்துவஞானி அரசர் வெறும் விசித்திரமாகத்தான் தெரிவார்.

அறிமுக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு நூலை ஒருமுறை படித்து முடித்தபின், எதைத் தவறவிட்டோம் என்று பார்க்க அதை எடுங்கள்.

ஓரத்தில 327, 514 ஏ-ன்னு எண் போட்டிருக்கே, அது பக்க எண்ணா?

ஆமாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் பக்க எண் அல்ல. 1578-இல் ஹென்றி எஸ்தியேன் வெளியிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண். எந்த மொழியில், எந்தப் பதிப்பில் படித்தாலும், 'குடியரசு' நூலில் சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பும் கைதிகளைப் பற்றிய குகை உவமை 514-இல்தான் தொடங்கும். அரிஸ்டாட்டிலுக்கும் இப்படித்தான். அது 1831-இல் பெர்லினில் வெளிவரத் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண். குறிப்பு எடுக்கும்போது இந்த எண்ணையே எழுதி வையுங்கள், பின்னால் வேறு மொழிபெயர்ப்போடு ஒப்பிடக் கைகொடுக்கும்.

வரிசையாத்தான் படிக்கணுமா?

கண்டிப்பு இல்லை. ஆனால் ஒருவரைத் தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள். பிளேட்டோவோடு அரிஸ்டாட்டில். ஹாப்ஸோடு லாக், இருவரும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எட்மண்ட் பர்க் எழுதினார். அதே ஆண்டு மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பதில் எழுதினார், அடுத்த ஆண்டு தாமஸ் பெயின் எழுதினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு தெருவே நின்று வாதாடுவதுபோல இருக்கும். ரால்ஸோடு ராபர்ட் நோசிக்கை வையுங்கள்.

ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகுது. எனக்கு மூளை பத்தலையோ?

அரை மணி நேரம் சரியான வேகம்தான். ஹாப்ஸ் 1651-இல் வெளியிட்ட 'லெவியதன்' நூலின் 13-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம், சில பக்கம்தான். மனிதர்கள் உடல் பலத்திலும் புத்தியிலும் ஏறக்குறைய சமம் என்று தொடங்குகிறார். எவ்வளவு பலசாலியையும் பலவீனன் ஒருவன் சூழ்ச்சியாலோ கூட்டுச் சேர்ந்தோ கொன்றுவிட முடியும். சமம் என்பதால் இருவருக்கும் ஒரே பொருள்மீது ஆசை, அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கையும் சமம். அதனால் போட்டி வருகிறது. போட்டி இருப்பதால் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். சந்தேகம் இருப்பதால், அவன் அடிப்பதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்ற எண்ணம். இதில் யாருமே கெட்டவராக இருக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பயந்தவர்களாக இருந்தால் போதும்.

நான் சொல்வதை நம்பவில்லையா என்று அங்கேயே வாசகரைக் கேட்கிறார். பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய். அப்படியென்றால் பக்கத்து வீட்டாரைப் பற்றி, உன் பிள்ளைகளையும் வேலையாட்களையும் பற்றி உன் எண்ணம் என்ன? எங்கள் வட்டத்தில் இந்த இடம் வந்தபோது, பீரோ சாவியை இடுப்பில் செருகியிருந்த ஓர் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அந்த ஒரு பத்தியைத் தாண்டி நாங்கள் போகவில்லை.

நோட்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரி எழுதுங்கள், அவர் 'என்ன சொல்கிறார்' என்பதை விட்டு 'என்ன செய்கிறார்' என்று. 'இங்கே ஒரு எதிர்ப்பைக் கற்பனை செய்து பதில் சொல்கிறார்', 'இங்கே ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் தருகிறார்' என்பதுபோல. மூன்று மாதத்தில் வேகம் தானாக வரும்.

இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். தமிழ்லயே படிக்க முடியுமா?

ஓரளவு முடியும். வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவின் பெருநூலான 'குடியரசை' 'அரசியல்' என்ற தலைப்பிலும், ரூஸோவின் நூலைச் 'சமுதாய ஒப்பந்தம்' என்ற தலைப்பிலும் தமிழாக்கியிருக்கிறார். கம்யூனிஸ்ட் அறிக்கை 1931-இலேயே பெரியாரின் 'குடி அரசு' இதழில் தமிழில் வந்தது. அவர்கள் போட்ட பாதை இன்னும் நடக்கத் தகுந்ததாகத்தான் இருக்கிறது.

சொற்களில் மட்டும் விழிப்பு வேண்டும். பிளேட்டோ வைத்த கிரேக்கத் தலைப்பு 'பொலிதெய்யா'. ஒரு நகரம் தன்னை ஆண்டுகொள்ளும் அமைப்பு என்பது அதன் பொருள். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நம்மிடம் 'குடியரசு' ஆனது. இன்றைய தமிழில் குடியரசு என்றால் மன்னர் இல்லாத நாடு. அந்த நினைப்போடு நூலைத் திறந்தால் உள்ளே அரசர் இருப்பார், குழம்பிப் போவீர்கள். சர்மா வைத்த 'அரசியல்' மூலத்துக்கு நெருக்கம் என்பது என் கருத்து.

லாக் விஷயம் இன்னும் முக்கியம். அரசு இருப்பது சொத்தைக் காப்பாற்றத்தான் என்கிறார். சொத்து என்றதும் நமக்கு நிலம், வீடு, நகை நினைவுக்கு வரும், பணக்காரர்களுக்காகப் பேசுகிறார் என்று தோன்றும். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் சேர்த்தே சொத்து என்று அழைப்பதாக அவரே 'இரு ஆய்வுரைகள்' நூலில், இரண்டாம் உரையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறார். அதே சொல்லை அவர் வெறும் நிலம், பொருள் என்ற பொருளிலும் பயன்படுத்துகிறார் என்பதால், ஒவ்வொரு இடத்திலும் எது என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

அரிஸ்டாட்டில்லேருந்து நேரா மாக்கியவெல்லிக்குத் தாவிடுறாங்களே, நடுவுல 1,800 வருஷம் யாரும் யோசிக்கவே இல்லையா?

நிறைய யோசித்தார்கள், பாடத்திட்டத்தில்தான் இடமில்லை. கி.பி. 410-இல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோம் நகரைச் சூறையாடினார்கள். பழைய தெய்வங்களைக் கைவிட்டு கிறிஸ்தவத்துக்கு மாறியதால் வந்த கேடு இது என்று பழைய சமயத்தார் பேசினார்கள். அவர்களோடு வாதாட, கிறிஸ்தவ ஆயரான அகஸ்டின் 413 வாக்கில் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' 22 பகுதிகளாக வளர்ந்தது. அவர் பிறந்த இடம் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது.

'மேற்கத்திய' என்ற சொல்லையே கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொல்வேன். பத்தாம் நூற்றாண்டில் அல் ஃபராபி பிளேட்டோவின் வழியில் நல்ல நகரத்தைப் பற்றி அரபியில் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவின் இப்னு ருஷ்து, அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூல் கைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பிளேட்டோவுக்கு உரை எழுதினார். அந்த உரையின் அரபி மூலம் தொலைந்துபோய், ஹீப்ரு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. பண்டைய ரோமின் சிசரோ அரசைப் பற்றி எழுதிய நூலில் இன்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதியோ, 1819-இல் வத்திக்கான் நூலகத்தில்தான் மறுபடி கிடைத்தது. தோல் ஏட்டில் இருந்த அதைச் சுரண்டி அழித்துவிட்டு, மேலே, பைபிளின் சங்கீதப் பாடல்களுக்கு அகஸ்டின் எழுதிய விளக்க உரையை எழுதியிருந்தார்கள். அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்தை ஆஞ்செலோ மாய் என்ற நூலகர் கண்டுபிடித்தார். எதைப் படிக்கிறோம் என்பதில் இப்படித் தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு.

நோக்கம் நல்லதா இருந்தா வழி எப்படியும் இருக்கலாம்னு மாக்கியவெல்லி சொன்னாரே, அவரை எதுக்குப் படிக்கணும்?

அந்த வாக்கியம் அவருடைய 'இளவரசன்' நூலில் இல்லை. 18-ஆம் அத்தியாயத்தில், மக்கள் விளைவைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார். அது மக்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றிய கூற்று. எட்டாம் அத்தியாயத்தில் அகத்தோக்ளிஸ் என்ற கொடியவனைப் பற்றிப் பேசும்போது, இப்படிப்பட்ட வழிகளால் ஆட்சி கிடைக்கலாம், புகழ் கிடைக்காது என்று தெளிவாக எழுதுகிறார்.

அவர் எந்த நிலையில் எழுதினார் என்பதையும் பாருங்கள். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் குடியரசில் 14 ஆண்டுகள் அதிகாரியாக இருந்தார். 1512-இல், முன்பு ஊரை ஆண்ட மெடிசி குடும்பம் திரும்பி வந்ததும் வேலை போனது. அடுத்த ஆண்டு சதி வழக்கில் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டு வதைத்தார்கள். விடுதலையாகி, ஊருக்கு வெளியே தன் பண்ணை வீட்டில் ஒதுங்கினார். 1513 டிசம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன் நாளை விவரிக்கிறார். பகலில் விறகு வெட்டுபவர்களோடு பேச்சு, சத்திரத்தில் சூதாட்டம், சில்லறைக்குச் சண்டை. மாலையில் வீடு திரும்பி, வாசலில் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குப் போகும் உடை உடுத்திக்கொண்டு, பழைய ஆசிரியர்களின் நூல்களுக்குள் நுழைகிறார். நான்கு மணி நேரம் வறுமையும் பயமும் தெரிவதில்லையாம். அப்படி உட்கார்ந்து எழுதியதுதான் 'இளவரசன்'. அச்சில் வந்தது 1532-இல், அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து.

அதோடு நிறுத்தாமல் ரோம் குடியரசைப் பற்றி அவர் எழுதிய 'உரைகள்' நூலில் சில அத்தியாயங்களாவது படியுங்கள். அதில் இளவரசனைவிட மக்கள்தான் அதிக விவேகமும் உறுதியும் உள்ளவர்கள் என்று வாதாடுகிறார். இரண்டு நூலும் ஒருவரே எழுதியவை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 'இளவரசன்' குடியரசுவாதிகளுக்கான புத்தகம் என்றே ரூஸோ சொன்னார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன்.

ஹாப்ஸ் சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர்தானே?

வரம்பற்ற அதிகாரத்துக்கு, ஆமாம். ஆனால் எதற்காக என்பதை 'லெவியதன்' முகப்புப் படத்திலேயே பார்க்கலாம். ஆப்ரகாம் போஸ் செதுக்கியது. மலைகளுக்குப் பின்னாலிருந்து முடிசூடிய ஒரு ராட்சத உருவம் எழுகிறது, ஒரு கையில் வாள், மறு கையில் கிறிஸ்தவ ஆயரின் கோல். உற்றுப் பார்த்தால் அதன் உடலும் கைகளும் முழுக்கச் சின்னச் சின்ன மனிதர்கள். எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி அந்த முகத்தையே பார்க்கிறார்கள். கீழே ஒரு நகரம், தெருக்கள் ஏறக்குறைய காலி, படைவீரர்கள் சிலர் நடமாடுகிறார்கள். அந்த உருவத்துக்குத் தனியாக உடம்பே கிடையாது. அந்த மனிதர்கள் கலைந்துபோனால் அதுவும் இல்லை.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் 1642-இல் தொடங்கி, 1649-இல் மன்னரின் தலையே வெட்டப்பட்டது. அந்தப் பயத்தில் எழுதியவர் அவர். பயத்துக்குத் தீர்வாக வந்த அரசு உங்களையே கொல்ல வந்தால் எதிர்த்துப் போராடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 21-ஆம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். வாழ்க்கை கொடியது, குறுகியது என்ற அவருடைய புகழ்பெற்ற வரியும் பொதுவாக வாழ்க்கையைப் பற்றியது அல்ல, அரசே இல்லாத நிலையைப் பற்றியது.

சமூக ஒப்பந்தம்னு ஒண்ணு நிஜமாவே நடந்துச்சா? நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே?

நல்ல கேள்வி. மக்கள் தங்களுக்குள் சம்மதித்துத்தான் அரசு உண்டானது என்பதே சமூக ஒப்பந்தக் கருத்து. தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748-இல் இதையேதான் கேட்டார். நாட்டை விட்டுப் போகாமல் இருப்பதே சம்மதம் என்று சொன்னால், தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போட்டுவிட்டு, 'நடுக்கடலில் குதிக்காமல் இருக்கிறாயே, அப்படியானால் கப்பல் தலைவனுக்குக் கட்டுப்படச் சம்மதித்துவிட்டாய்' என்பதுபோல இருக்கிறது என்றார். அவர் குறிவைத்தது லாக் போன்றவர்களின் மௌனச் சம்மதம் என்ற கருத்தை. நாட்டின் சாலையில் நடந்தாலே சம்மதம்தான் என்று லாக் சொல்லியிருந்தார்.

ஒப்பந்தம் என்று மூவர் சொன்னாலும் மூன்றும் வேறு. ஹாப்ஸுக்கு, மக்கள் ஒருவரோடு ஒருவர் ஒப்பந்தம் செய்து உரிமையை ஆள்பவரிடம் விடுகிறார்கள். ஆள்பவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை, அதனால் அதை மீறியதாக அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. லாக்குக்கு, அரசு என்பது நம்பி ஒப்படைத்த பொறுப்பு, நம்பிக்கை கெட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரூஸோ 1762-இல் எழுதும்போது, இறையாண்மையை யாரிடமும் கொடுக்கவே முடியாது என்கிறார். ஆங்கிலேயர்கள் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள், பாராளுமன்றத் தேர்தல் நடக்கும் நாள்களில் மட்டும்தான் அது உண்மை என்றார். ஒப்பந்தம் வரலாற்று நிகழ்ச்சி அல்ல, ஒரு சட்டம் நியாயமா என்று உரசிப் பார்க்கும் உரைகல் என்று ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் பின்னால் தெளிவாக்கினார். ரால்ஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

வரலாறு தெரியாம வெறும் வாதத்தை மட்டும் படிச்சா தப்பா?

தப்பு இல்லை, ஆனால் ஏமாற வாய்ப்பு உண்டு. லாக்கின் 'இரு ஆய்வுரைகள்' 1689-இல் பெயர் போடாமல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் விரட்டப்பட்டார். அந்தப் புரட்சியை நியாயப்படுத்த எழுதிய நூல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960-இல் பீட்டர் லாஸ்லெட் தன் பதிப்பில், பெரும்பகுதி சுமார் பத்தாண்டு முன்பே, ஜேம்ஸ் பட்டத்துக்கு வருவதைத் தடுக்கப் பெரும் போராட்டம் நடந்த காலத்தில் எழுதப்பட்டது என்று காட்டினார். நடந்து முடிந்த புரட்சிக்குச் சமாதானம் சொன்னதாக நினைத்த நூல், தலை போகும் ஆபத்துக்கு நடுவில் புரட்சிக்கு அழைத்த நூலாக மாறிவிட்டது. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை.

வரலாற்றாசிரியர் குவென்டின் ஸ்கின்னர் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சூழல் தெரியாமல் பழைய நூல்களிடம் நம் கேள்விகளுக்குப் பதில் தேடுவதைக் கடுமையாக எதிர்த்தார். மறுபக்கம் லியோ ஸ்ட்ராஸ், பெரிய நூல்கள் தங்கள் காலத்தோடு கட்டுண்டவை அல்ல, வரிகளுக்கு நடுவே படிக்கக் கற்க வேண்டும் என்றார். நான் ஸ்கின்னர் பக்கம் சாய்பவன். ஆனாலும் முதல் வாசிப்பில் பின்னணியை மறந்து வாதத்தோடு மட்டும் மோதிப் பார்க்கச் சொல்வேன். கிளாக்கனின் மோதிரம் சுடுவதற்கு ஏதென்ஸ் வரலாறு தேவையில்லை.

அரிஸ்டாட்டில் அடிமை முறையை ஆதரிச்சார், மில் கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை பார்த்தார். இவங்ககிட்ட நாம என்ன கத்துக்கணும்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. 'அந்தக் காலத்து மனிதர், அப்படித்தான் இருப்பார்' என்ற சமாதானத்தை முதலில் கைவிடுங்கள், அது உண்மையும் அல்ல. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று தன் 'அரசியல்' நூலில் அரிஸ்டாட்டில் சொல்லும் அதே முதல் பகுதியில், அடிமை முறை இயற்கைக்கு விரோதமானது, வெறும் பலவந்தம் என்று சொல்பவர்களும் இருப்பதாக அவரே எழுதுகிறார். அந்தக் காலத்திலேயே எதிர்த்துப் பேச ஆள் இருந்தது. அவர்களோடு வாதாடித்தான் அவர் அந்தப் பக்கம் நின்றார். 1550-இல் ஸ்பெயினில், அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கி ஆளலாம் என்று வாதாட செபுல்வேதா என்ற அறிஞர் அரிஸ்டாட்டிலைக் கையில் எடுத்தார், லாஸ் காசாஸ் என்ற துறவி எதிர்த்து நின்றார். ஒரு வாதம் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மனிதர்களை வதைக்க முடியும் என்றால், அதன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவாவது படித்தாக வேண்டும்.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டுவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் இருந்தார். அடுத்த ஆண்டே 'சுதந்திரம்' பற்றிய நூலை வெளியிட்டார். தன் கோட்பாடு 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதற்காக என்றால் எதேச்சாதிகாரமும் சரியே என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டார். அந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள், அதில் நம் பாட்டன் பூட்டன் இருக்கிறார்கள். ஆனால் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசும்போது, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரங்களை வைத்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையை மில்லின் பெயரைச் சொல்லியே எடுத்து வைத்தார். 'உங்களுக்குப் பொருந்தாது' என்று மில் ஒதுக்கிய நாட்டின் அரசியலமைப்பை எழுதியவர், மில்லின் வாதத்தை அவரைவிட விரிவாக எடுத்துக்கொண்டார். இவர்களை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

பட்டியல் பூரா ஆம்பளைங்களாவே இருக்காங்களே?

பாடத்திட்டப் பட்டியல் அப்படி. 1405-இல் பெண்களுக்கான ஒரு நகரத்தையே எழுத்தில் கட்டினார் கிறிஸ்டின் த பிசான். எல்லா ஆண்களும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால், பெண்கள் எல்லாரும் அடிமைகளாகப் பிறப்பது எப்படி என்று 1706-இல் கேட்டார் மேரி ஆஸ்டெல். கேள்வி ஒரு வரிதான், லாக்கின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பாருங்கள். வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல், பெண்ணை ஆணுக்கு இனிமையாக இருக்கும்படி வளர்க்கச் சொன்ன ரூஸோவைப் பெயர் சொல்லிப் பிய்த்து உதறினார். இருபதாம் நூற்றாண்டில் ஹன்னா அரெண்டை ஒதுக்கிவிட்டு யாரும் இந்த வரலாற்றை எழுத முடியாது. இவர்களை 'பெண் சிந்தனையாளர்கள்' என்று கடைசி அத்தியாயமாகத் தள்ளாமல், யாருக்குப் பதில் சொன்னார்களோ அவருக்குப் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.

கௌடில்யர்தான் இந்தியாவின் மாக்கியவெல்லியாமே? திருக்குறளோட ஒப்பிடலாமா?

கௌடில்யர் பற்றிய அந்த ஒப்பீடு அவசரமானது. அவருடைய அர்த்தசாஸ்திரம் மாக்கியவெல்லிக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. எடைக்கல், சுங்கம், உளவு என்று ஒரு நிர்வாகக் கையேடு. மேலே சொன்னதுபோல மாக்கியவெல்லி வேலை போன நிலையில், தன் கால அறநூல்களோடு வாதாட எழுதியவர். இருவரும் ஈவிரக்கம் இல்லாமல் பேசுகிறார்கள் என்பது ஒற்றுமையின் தொடக்கமே.

குறளோடு ஒப்பிட ஓர் அருமையான இடம் உண்டு. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்கிறது 552-ஆம் குறள். செங்கோலோடு நிற்கும் அரசன் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் 'கொடு' என்பதுபோல என்று பொருள். அகஸ்டினோ, நீதியை எடுத்துவிட்டால் அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்கள் அல்லாமல் வேறென்ன என்று கேட்டுவிட்டு, அலெக்சாண்டரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் சொன்னதை எழுதுகிறார்: என்னிடம் ஒரு சிறு கப்பல், அதனால் கொள்ளைக்காரன், உன்னிடம் பெரும்படை, அதனால் பேரரசன். இரண்டும் ஒன்று என்று சொல்லி மூடிவிடாதீர்கள். வள்ளுவர் கொடுங்கோலனைச் சொல்கிறார், செங்கோல் என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. அகஸ்டினுக்கு மண்ணில் உள்ள எல்லா அரசுகள்மீதும் சந்தேகம்.

யுபிஎஸ்சி-ல அரசியல் அறிவியல் விருப்பப் பாடம். அதுக்கு இது போதுமா?

பாடத்திட்டத்தில் மேற்கத்திய சிந்தனை என்ற தலைப்பில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், மில், மார்க்ஸ், கிராம்ஷி, ஹன்னா அரெண்ட் இருக்கிறார்கள். ரால்ஸ், நீதி என்ற தலைப்பில் வருகிறார். ரூஸோ அந்தச் சிந்தனையாளர் பட்டியலில் இல்லை, ஆனாலும் அவரை விட்டால் மார்க்ஸும் சரி, ரால்ஸும் சரி, பாதிதான் பிடிபடுவார்கள். தேர்வு நெருங்கிவிட்டது என்றால் முழு நூல்களுக்கு நேரமிருக்காது. ஆளுக்கு ஓர் அத்தியாயமாவது மூலத்தில் படியுங்கள்.

ரால்ஸ் வரைக்கும் வந்தாச்சு. கடைசியில யார் சொன்னதுதான் சரி?

ரால்ஸ் 1971-இல் கேட்டது இது: நீங்கள் எந்தக் குடும்பத்தில், எந்த உடல்நிலையில், எந்தத் திறமையோடு பிறப்பீர்கள் என்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று விதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அடித்தட்டில் இருப்பவருக்கு நன்மை தருகிற ஏற்றத்தாழ்வை மட்டும் அனுமதிக்கும் விதியைத்தான் என்பது அவர் பதில். மூன்றே ஆண்டில் அதே ஹார்வர்டிலிருந்து நோசிக் மடக்கினார். உங்களுக்குப் பிடித்த எந்தப் பங்கீட்டிலிருந்தும் தொடங்குங்கள். வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க ஒவ்வொருவரும் மனமுவந்து 25 சென்ட் அதிகம் தருகிறார்கள். பத்து லட்சம் பேர் தந்தால் அவரிடம் இரண்டரை லட்சம் டாலர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் உங்கள் பங்கீடு கலைந்துவிட்டது. அதைத் திரும்பச் சரிசெய்ய யாருக்கு உரிமை?

நான் ரால்ஸ் பக்கம்தான். அந்த வீரரின் உயரமும், அந்த விளையாட்டுக்குக் கூட்டம் சேரும் காலத்தில் பிறந்ததும் அவர் சம்பாதித்தவை அல்ல என்பது எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. ஆனால் மனமுவந்து கொடுத்த அந்த 25 சென்ட்டை எந்த உரிமையில் தொடுகிறீர்கள் என்று நோசிக் கேட்பதற்கு முழுப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. போன முறை இந்த இடம் வந்தபோது எங்கள் வட்டம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தது. நூலகர் விளக்கை அணைத்த பிறகும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு மறுபடி 'குடியரசு' முதல் பகுதியை எடுக்கிறோம், திராசிமாக்கஸிடமிருந்து. வருபவர்கள் 336-இலிருந்து ஒருமுறை படித்துவிட்டு வந்தால் நல்லது.